இரண்டாவது கீபோர்டு

எனக்குப் பேய் பயம் கிடையாது. லூஸ் கனெக்‌ஷன் பயம்தான் உண்டு. பேய் பிடித்தால் ஓட்டுவதற்கு ஆள் கிடைப்பான். லூஸ் கனெக்‌ஷன் இன்று ஒயரில் இருக்கும், நாளை சாக்கெட்டில் இருக்கும், நாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்க உட்கார்ந்தால் நல்ல பிள்ளையாக ஒளிந்துகொள்ளும். கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அதிலும் விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் என்றால் மற்ற மெக்கானிக்குகள் கையைக் கழுவிவிட்டு என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். என் ஸ்கூட்டரின் முன்னால் லினக்ஸின் சின்னமான பெங்குவின் படத்தை ஒட்டியிருக்கிறேன். அதனால் எனக்குப் பெங்குவின் அக்கா என்று பெயர். உன் நடையைப் பார்த்து வைத்த பெயர் என்பார் என் கணவர். அவர் அப்படிச் சொல்லும் நாளில் அவரே சமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று காலையில் ஒரு பெண் போன் செய்தாள்.

“அக்கா, எங்கப்பா கம்ப்யூட்டர்ல கீபோர்டு தப்புத் தப்பா அடிக்குது. சாயங்காலத்துக்குள்ள பாத்துடணும். எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். கோளாறு மிஷின்லயா, எங்கப்பாகிட்டயா?”

எந்த வாடிக்கையாளரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கோளாறு எங்களிடம்தான் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

செருப்புக் கிடங்குக்கு மேலே இருந்தது அந்த வீடு. மாடிப்படி முழுக்க ரப்பர் வாசனை. கதவைத் திறந்ததும் ஒரே கூடம். ஜன்னலோரம் மேசை, அதன் மேல் கம்ப்யூட்டர், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். மேசைக்கு முன்னால் கைவைத்த நாற்காலியில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். அகன்ற மார்பு. வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளாகக் கிடந்தது. இடது கை மட்டும் கீபோர்டின் மேல் இருந்தது.

“அப்பா ஏலக்காரர்,” என்றாள் மகள். “சந்தையில நின்னு கூவினா அடுத்த தெருவுல ஆள் திரும்பிப் பாப்பாங்க. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. நாக்கும் போச்சு. புத்திக்கு ஒண்ணும் ஆகல. அப்பல்லாம் ஆகல.”

அவள் வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதைப் பார்த்தாலும் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்த துளியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள், என்னையும் சேர்த்து.

பேச்சு போன பிறகு அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது அவர் மனைவி. அந்த அம்மா ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் டி.டி.பி. வேலை செய்தவர். அடித்ததைச் சத்தமாகப் படிக்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டிருக்கிறார். ஒரு கை மனிதருக்கு அந்தப் பக்க எழுத்தும் இந்தப் பக்க எழுத்தும் எட்டாது என்று, எழுத்துகள் அத்தனையையும் இடது கை விரல்களுக்குள் அடக்கி, எந்த விசையில் எந்த எழுத்து என்று ஒரு புது லேஅவுட்டையே எழுதியிருக்கிறார். மெனுவைத் திறந்து பார்த்தேன். தமிழ் என்று ஒன்று, அதற்குக் கீழே தமிழ் (ஏலம்) என்று இன்னொன்று. அந்தக் கோப்பைத் திறந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். நான் எழுதியிருந்தால் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

“அம்மா அதோட நிக்கல,” என்றாள் மகள். “நீங்க இந்தக் குரல்ல பேசினா நானும் இந்தக் குரல்லதான் பேசுவேன்னு, ஒரு ஒயர் இல்லாத கீபோர்டு வாங்கிச் சமையல் மேடையில வச்சுக்கிட்டாங்க. வாய் நல்லா இருக்கறப்பவே! அவர் இங்கேருந்து அடிப்பார், இவங்க அங்கேருந்து அடிப்பாங்க. ஸ்பீக்கர்ல ரெண்டும் ஒரே குரல். நான் லீவுல வந்தா எனக்குப் பைத்தியம் பிடிக்கும், யாரு பேசறாங்கன்னே தெரியாது.”

“அவங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“அம்மா எப்பவும் ‘சரி, கேளுங்க’ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம். அவங்க பதில் சொல்ல லேட்டாச்சுன்னா அப்பா ஏலத்தை ஆரம்பிச்சுடுவார். ஒரு தரம், ரெண்டு தரம்னு. மூணாவது தரம் சொல்ல விட்டதே இல்ல. அதுக்குள்ள ‘சரி, கேளுங்க’ வந்துடும்.”

அந்த அம்மா மழைக்காலத்தில் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே. மகள் அப்போது வந்து இருந்துவிட்டுப் போய், இப்போது மறுபடி வந்திருக்கிறாள். வந்தவளுக்கு இரண்டு அதிர்ச்சிகள். ஒன்று, அப்பா அடிப்பது பாதி நேரம் ஒரு பொருளும் இல்லாத உளறலாக ஸ்பீக்கரில் வருகிறது. இரண்டாவது, அப்பா அம்மாவாகவும் பேசுகிறார்.

“தானே கேட்டுட்டு தானே பதில் சொல்லிக்கறார். ‘சரி, கேளுங்க, ஜன்னலைச் சாத்துங்க, தூறல் அடிக்குது’ன்னு வருது. நான் போய்ப் பாத்தா இவர் ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கார். ஏன்ப்பா இப்படின்னு கேட்டா உளறல்.” போனில் மணி பார்த்தாள். “சாயங்காலம் டாக்டர் வர்றார். நினைவு தடுமாறுதுன்னு அவர் சொல்லிட்டா, திங்கக்கிழமை முதியோர் இல்லத்துல சேத்துடுவேன். இடம் சொல்லி வச்சாச்சு. என்னை ராட்சசின்னு நினைக்காதீங்கக்கா. இப்படி ஒருத்தரைத் தனியா பூட்டிட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?”

ஏலக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு. சொந்த மகள் தன்னை என்ன விலைக்குத் தள்ளலாம் என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் இருக்கும் ஏலக்காரரை நினைத்துப் பார்த்தேன். வழக்கம்போல் கோபம் வந்தது. பையைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன்.

லேஅவுட் சாதாரணத் தமிழுக்குத் திரும்பியிருந்தது. உளறலுக்குக் காரணம் அதுதான். அவர் தன் இடது கைக் கணக்கில் அடிக்கிறார். கம்ப்யூட்டர் ஊரார் கணக்கில் எழுதிக்கொள்கிறது. ஏலத்தை மறுபடி தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவர் விரல்கள் நகர்ந்தன. ரயில்வே அறிவிப்பு மாதிரி, ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் ஒரு குரல்:

“நன்றி தாயே. கை எடுத்துக் கும்பிட ஒரு கை குறையுது.”

சிரித்துவிட்டேன். இந்த மனிதருக்கா புத்தி தடுமாற்றம்?

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மேடையின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு கட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்த இன்னொரு கீபோர்டு இருந்த இடம். டம்ளரை வாயில் வைத்தேன். கூடத்தில் குரல் கேட்டது.

“சரி, கேளுங்க. வந்தவங்களுக்கு டீ குடுத்தீங்களா?”

ஓடிவந்தேன். ஏலக்காரரின் இடது கை மடியில் இருந்தது. மகள் என்னைப் பார்த்து, கேட்டீர்களா என்பதுபோல் கையை விரித்தாள். அவர் அவசரமாக எதையோ அடித்தார். உளறல் வந்தது. லேஅவுட் மறுபடி மாறியிருந்தது.

அதன் பிறகு நான் சும்மா விடவில்லை. ஆரம்பத்தில் படிக்கப்படும் அமைப்புக் கோப்பைப் பார்த்தேன், ஒழுங்காக இருந்தது. தமிழ் எழுத்து உள்ளீட்டுக் கருவியைப் பார்த்தேன்; அதன் மேலும் குற்றமில்லை. ஷார்ட்கட் என்கிற குறுக்கு விசை ஏதாவது தவறிப்போய் அழுந்தி லேஅவுட்டை மாற்றுகிறதா என்று எல்லாக் குறுக்கு விசைகளையும் நிறுத்தினேன். மிச்சம் இருந்தது கீபோர்டுதான். ஏதோ ஒரு பொத்தான் தானாக அழுந்துகிறதோ? என் லேப்டாப்பில் மாட்டிச் சோதிக்கலாம் என்று கம்ப்யூட்டரிலிருந்து அதைக் கழற்றினேன். மகள் அப்போது போன் வந்ததென்று பால்கனிக்குப் போயிருந்தாள். நானும் ஏலக்காரரும்தான்.

கீபோர்டு என் இரண்டு கைகளிலும் இருந்தது. ஒயர் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. நிதானமாக, தவறில்லாமல், பழகிய கை அடிக்கும் வேகத்தில்.

“சரி, கேளுங்க. அதைக் கீழ போட்டுடாம பாத்துக்கச் சொல்லுங்க. ஒரு காலு ஏற்கெனவே உடைஞ்சிருக்கு.”

திருப்பிப் பார்த்தேன். கீபோர்டின் அடியில் இருக்கும் இரண்டு மடிப்புக் கால்களில் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் அட்டைத் துண்டை மடித்து ஒட்டியிருந்தது. அதுவரை நான் அதைப் பார்க்கவில்லை. தொழிலில் இருக்கும் ஆளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பயந்தாலும் கை அடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். கீபோர்டை மாட்டினேன். கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் கேட்டேன்.

இரண்டு கீபோர்டுகள் என்றது.

ஒன்று, நான் இப்போது மாட்டிய ஒயர் கீபோர்டு. இன்னொன்று ஒயர் இல்லாதது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்தேன். நகத்தளவு ரிசீவர் ஒன்று அங்கே செருகியிருந்தது. அது எந்தக் கீபோர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான் காது கொடுக்கும். நிகழ்வுப் பதிவைப் பார்த்தேன். அந்த இரண்டாவது கீபோர்டு தூங்கி எழுந்து இணையும் ஒவ்வொரு முறையும், கம்ப்யூட்டர் புது ஆள் வந்ததாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் சாதாரணத் தமிழைப் போட்டுவிடுகிறது. ஏலம் காணாமல் போகிறது. கோளாறு கிடைத்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கிற கோளாறு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான்.

பால்கனிக்குப் போனேன். “உங்கம்மாவோட கீபோர்டு இப்ப எங்கம்மா இருக்கு?”

“அது அம்மாவோட போயிடுச்சுக்கா.”

“போயிடுச்சுன்னா?”

“சவப்பெட்டிக்குள்ள வச்சுட்டோம். அப்பாதான் வைக்கச் சொல்லி அடிச்சார். நான்தான் அவங்க கைக்குக் கீழ வச்சேன்.” சாதாரணமாகச் சொன்னாள். “பழைய பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கல்லறைத் தோட்டம். ஏன்க்கா, அது இருந்திருந்தா உதவியா இருந்திருக்குமா?”

இல்லை என்று தலையாட்டினேன். பழைய பாலத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அந்த வகைக் கீபோர்டு பக்கத்து அறைக்கு எட்டினாலே அதிகம்.

நான் அப்போதும் விடவில்லை. கீழே போய்ச் செருப்புக் கிடங்கைப் பார்த்தேன், பூட்டு. மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியும் ஒரு கிழிந்த பாயும்தான். பக்கத்து வீட்டில் கதவைத் தட்டி, உங்களிடம் ஒயர் இல்லாத கீபோர்டு இருக்கிறதா என்று கேட்டேன். அந்த வீட்டுக்காரர் எதையோ விற்க வந்தவள் என்று நினைத்து, வேண்டாம் என்று சாத்திவிட்டார்.

திரும்பி வந்ததும் முடிவு செய்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரிசீவரைப் பிடுங்கினால் தீர்ந்தது. இரண்டாவது கீபோர்டு இருக்காது, லேஅவுட் மாறாது, சாயங்காலம் இவர் டாக்டரிடம் தெளிவாகப் பேசுவார், வீட்டிலேயே இருப்பார். பெட்டியின் பின்னால் கையை விட்டேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. இடது கை. அப்படியொரு பிடி. ஏலக்காரரின் கண்கள் நிறைந்து வழிந்தன.

லேஅவுட்டை அவருக்கு மாற்றிக் கொடுத்தேன். பால்கனியில் இருந்த மகளுக்குக் கேட்காமல் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் அடித்தார்.

“பிடுங்காதே தாயே.”

“ஐயா, இதைப் பிடுங்கலைன்னா உங்களைக் கொண்டுபோய் விட்டுடுவாங்க.”

“தெரியும். அதனாலதான் உளறலை என் தலையில போட்டுக்கிட்டேன். நான் இல்ல உங்கம்மான்னு சொன்னா, இவ முதல் வேலையா இதைப் பிடுங்குவா. ஆதாரம் கேக்கற பொண்ணு. பைத்தியம்னு பேர் வந்தா வந்துட்டுப் போகட்டும்.”

ஒவ்வொரு வார்த்தைக்கும் அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டு அடித்தார்.

“பேட்டரியைப் பாரு.”

பார்த்தேன். ஒயர் இல்லாத கீபோர்டின் பேட்டரி அளவை லினக்ஸ் காட்டும். சிவப்பாகக் காட்டியது. அடிமட்டத்தில் ஒரு கோடு.

“தினம் குறையுது. கம்மியா பேசுடின்னா கேக்கறாளா? இருந்தப்பவே கேக்கல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். பிடுங்குவது சோம்பேறி மெக்கானிக்கின் வழி. ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை கீபோர்டு மாட்டினாலும், ஒவ்வொன்றையும் அதன் அடையாள எண்ணை வைத்துத் தனித்தனியாக நடத்தச் சொல்லலாம். ஒரு விதி எழுதினேன். இந்த எண்ணுள்ள கீபோர்டுக்கு எப்போதும் ஏலம். அந்த எண்ணுள்ளதற்கு, அது எப்போது விழித்தாலும், சாதாரணத் தமிழ். ஒருவர் பேசுவதை இன்னொருவர் கெடுக்கக் கூடாது. அந்த அம்மாவின் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறதே என்று, வழக்கத்தைவிடச் சுத்தமாக எழுதினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஆனால் சோதித்துப் பார்க்க வழியில்லை. இரண்டாவது கீபோர்டை எழுப்புவது என் கையில் இல்லையே.

மகளிடம், “மிஷின் கோளாறுதான்மா, சரி பண்ணியாச்சு,” என்றேன். “டாக்டர் வந்துட்டுப் போற வரைக்கும் இருக்கேன்.”

டாக்டர் வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். நடந்தால் கீச்சென்று சத்தம் போடும் புது ஷூ. இன்று என்ன கிழமை, இது என்ன மாதம் என்று ஆரம்பித்தார். ஸ்பீக்கர் தெளிவாகப் பதில் சொன்னது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள் என்றார். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு, எழுபத்தி ஒன்பது என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் டாக்டருக்கே கணக்கு விட்டுப்போனது. மகளின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு தெளிவைப் பார்த்தேன்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறேன்.”

“நல்லது. என் விரலை இறுக்கிப் பிடிங்க பாக்கலாம்.” டாக்டர் அவருடைய இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். மகள் எதிரே நின்றாள். நான் சுவரோரம் இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சரி, கேளுங்க. ராத்திரி மாத்திரையை இவர் முழுங்கறதில்ல. ஜன்னல் வழியா சன்ஷேடு மேல போட்டுடறார்.”

டாக்டர் கடகடவென்று சிரித்தார். “இது என்ன, மாத்திரை சாப்பிடலைன்னா காட்டிக் குடுக்கற புரோகிராமா? நல்லா இருக்கே!”

மகள் சிரிக்கவில்லை. டாக்டரின் கைகளுக்குள் இருந்த அப்பாவின் கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த மற்ற கையைப் பார்த்தாள். என் கைகளையும் டம்ளரையும் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய் எட்டிக் குனிந்தாள். சன்ஷேடில் வெள்ளை மாத்திரைகள் சிதறிக் கிடந்தன. பழையவை மழையில் கரைந்து பொட்டாகியிருந்தன. மேலே கிடந்தது நேற்றையது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

டாக்டர் கையை விட்டதும் ஏலக்காரர் பிடிபட்ட பள்ளிக்கூடப் பையனின் முகத்தோடு அடித்தார்.

“காட்டிக் குடுத்துட்டியேடி.”

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. இரண்டாவது கீபோர்டு விழித்த பிறகும் ஏலம் நின்றது. உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்திருந்தது. இருந்தாலும் என் விதி வேலை செய்துவிட்டது என்று உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம். தொழில் புத்தி போகுமா?

“மனசு தெளிவா இருக்கு, குறும்புதான் ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டு, கீச்சு கீச்சென்று டாக்டர் படி இறங்கிப் போனார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். “யாருக்கா?”

சொல்லவில்லை. காட்டினேன். கருவிகளின் பட்டியலை, பின்னால் செருகியிருந்த ரிசீவரை, விழித்த நேரங்களின் பதிவை. மிஷின் சொன்னால்தான் அவள் நம்புவாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“அப்ப, அம்மா இத்தனை நாளா பேசறாங்க. இவர்கிட்ட பேசறாங்க. டாக்டர்கிட்டகூட பேசறாங்க.” அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. “எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசலையே? நான் வந்து இத்தனை நாளாச்சேக்கா. அவங்க கைக்குக் கீழ அதை வச்சது நான்தானே?”

ஸ்பீக்கர் பேசியது. ஆனால் அது கம்ப்யூட்டரின் சொந்த அறிவிப்பு.

“கீபோர்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிய பேட்டரி போடவும்.”

பட்டியலில் பார்த்தேன். ஒரே ஒரு கீபோர்டு இருந்தது.

ஏலக்காரரின் தலை மெல்லக் கவிழ்ந்தது. மகள் ஒரு நிமிஷம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பாய்ந்துபோய் டி.வி. ரிமோட்டை எடுத்து, மூடியைப் பெயர்த்து, இரண்டு பேட்டரிகளை உதறி எடுத்தாள். அப்பாவின் முன்னால் இருந்த கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அதில் உடைந்த காலும் அட்டைத் துண்டும் ஒயரும்தான் இருந்தன. பேட்டரி போட இடமில்லை. அவளுக்கும் தெரியும். தெரிந்தும், இரண்டு பேட்டரிகளையும் நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இதை எங்கக்கா போடணும்?”

என் பதிலுக்குக் காத்திராமல் பேட்டரிகளைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படியில் அவள் போனில் பேசுவது கேட்டது. “திங்கக்கிழமை வேணாங்க. அப்பா வரல. ஆமா, வேற யாருக்காவது அந்த இடத்தைக் குடுத்துடுங்க.” அப்புறம் தெருவில் ஆட்டோ கிளம்பும் சத்தம்.

நான் என் பையைக் கட்டிவிட்டேன். போயிருக்கலாம். போகவில்லை. ஏலக்காரரைத் தனியாக விட மனம் வரவில்லை என்று என் கணவரிடம் போனில் சொன்னேன். முழு உண்மை அதுவல்ல. எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. டீ போட்டு அவருக்கு ஆற்றிக் கொடுத்தேன். சமையல் மேடையிலிருந்த அந்தச் சுத்தமான கட்டத்தின் மேல் டம்ளரை வைக்காமல் தள்ளி வைத்தேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு மகள் திரும்பி வந்தாள். புடவை ஓரத்தில் ஈரமண். கை முழுக்க, நகக்கண் வரை மண். வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“செடி நடற ஆழத்துக்குத்தான் தோண்டினேன்,” என்றாள். “அதுக்கு மேல எனக்குத் தைரியம் வரலக்கா.”

பட்டியலைப் பார்த்தேன். ஒரு கீபோர்டு. சிறிது நேரம் கழித்துப் பார்த்தேன். ஒன்றுதான். பைத்தியக்காரத்தனம், ரிமோட் பேட்டரியை மண்ணுக்குள் வைத்தால் என்ன ஆகும்? துரு பிடிக்கும். கீழே கிடங்கின் ஷட்டர் காற்றில் லேசாக அடித்துக்கொண்டது.

ஏலக்காரர் இடது கையைத் தூக்கிக் கீபோர்டின் மேல் வைத்தார்.

“ஒரு தரம்.”

காத்திருந்தோம். மூவரும் ஸ்பீக்கரையே பார்த்தோம்.

“ரெண்டு தரம்.”

ஒன்றும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். காலமெல்லாம் சந்தையில் நின்ற மனிதர். இரண்டுக்குப் பிறகு நிறுத்தக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். விரல் அடுத்த எழுத்துக்குப் போனது. திரையில் ‘மூ’ வந்தது.

“வேண்டாம்ப்பா,” என்று மகள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “மூணாவது சொல்லாதீங்கப்பா. ப்ளீஸ்.”

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. விசையைத் தொடவில்லை. நான் சத்தியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், தொடவில்லை. திரையில் அந்த ‘மூ’ அழிந்தது. அதே இடத்தில் வேறு எழுத்துகள் வரத் தொடங்கின, நிதானமாக, தவறில்லாமல், பழகிய வேகத்தில். ஸ்பீக்கர் படித்தது.

“சரி, கேளு. கையெல்லாம் ஒரே மண்ணு. முதல்ல போய்க் கழுவிட்டு வா, அப்புறம் பேசலாம்.”

ஏலக்காரர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து கை கழுவப் போனாள்.